சித்தப்பாவின் இடது கை

இல்ஃபோர்ட்
14 யூன் 2009, ஞாயிறு இரவு

அன்புள்ள கலா மாமிக்கு,

இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதீர்கள். ஹம்டான் மாமாவுக்கு வாசித்துச் சொல்லலாம், அவருக்கு மட்டும். கோயிலில் காணுகிற ஆட்களிடம் ‘மருமகள் எழுதினவள்’ என்று வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். நான் உங்களோடு கதைப்பது தெரிந்தால் அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் இவ்வளவு பயம். இன்றிரவு அவருக்குப் பெற்றோல் ஷெட்டில் வேலை. அம்மா நித்திரை. போர்வைக்குள் ரோர்ச் அடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. பள்ளிக்கூடச் சாப்பாட்டு வரிசையில் டொலறஸ் அன்ரி என் தட்டில் சிப்ஸைப் போட்டுவிட்டு, “பின் கதவால வா, உனக்கொரு சாமான் கிடக்கு” என்றா. சுருட்டிய துணி என்னைவிட உயரமாக இருந்தது. பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள்.

சனிக்கிழமை தமிழ்ச் சங்க மண்டபத்தில், வன்னிச் சண்டையில் தொடர்பு அற்றுப்போன ஆட்களின் படங்களை வரிசையாக வைத்தார்கள். எல்லா வீட்டாரும் கலியாணப் படம், பாஸ்போட் படம் என்று ஏதோ ஒன்று கொண்டுவந்தார்கள். அப்பாவிடம் சித்தப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை. ‘சந்திரகுமார், வயது 34’ என்று எழுதிய வெறும் கடதாசியை ஒட்டிவிட்டு, அதற்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. துணியைச் சங்கச் செயலாளர் கிருஷ்ணமூர்த்தி அங்கிளிடம் கொடுத்தேன்.

“ஆர் பிள்ளை தந்தது?” என்றார்.

உங்கள் பெயரைச் சொல்ல முடியுமா? “வன்னியில இருந்து இப்ப வந்த ஒரு அன்ரி. பேர் தெரியாது” என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. இன்னொன்றும் செய்தேன். துணியில் நீங்கள் குத்தி அனுப்பிய துண்டு, ‘பின்னால் விளக்கு வைக்கவும்’ என்று எழுதியது, அதைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். உங்கள் கையெழுத்தை அப்பாவுக்குத் தெரியும்.

அவர்கள் துணியை ஒரு பலகையில் விரித்து, மேல்கரையில் ஊசி குத்தி, சுவரோடு சாத்தினார்கள். கறுப்பு நிழலாகச் சித்தப்பா. ஒரு பக்க முகம். காதில் பேனை. தூக்கிய வலது கை. அப்பா கிட்டப் போய், “இது எங்கட வீட்டு மூக்கு” என்றார்.

கிருஷ்ணமூர்த்தி அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “குலம், வலது கை கிடக்கு. இடது கை எங்கயப்பா? அந்த மனிசி கண்ணால கண்டுதான் கீறுவிச்சிருக்கு. உன்ர தம்பி கையை இழந்துபோட்டான். ஆனா ஆள் இருக்கிறான்.”

அப்பா இடது கை இருக்கவேண்டிய இடத்தைத் தடவினார். “கை போனாப் போகட்டும். உயிரோட இருக்கிறான், அது காணும்” என்றார். பிறகு எல்லோருக்கும் முன்னால் அழுதார். வீட்டுக்கு வந்து, ஒரு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக, இரண்டு தரம் புட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மாமி, இது உண்மையா? சித்தப்பாவைப் பற்றி உங்களுக்கு ஏதாவது செய்தி வந்ததா? வந்திருந்தால் எனக்கு ஏன் சொல்லவில்லை? ஒன்றும் தெரியாமல் துணியைச் சுமந்து திரிய நான் என்ன தபால்காரியா?

ஆரணி

*

ஸ்ட்ரெதம்
17 யூன் 2009

அன்புள்ள ஆரணிக்கு,

கை எங்கும் போகவில்லை. தம்பியைப் பற்றி எனக்கும் ஒரு செய்தியும் இல்லை. ஏப்ரல் கடைசியில் வன்னியிலிருந்து அவன் எடுத்த அந்த ஒரு தொலைபேசிதான். உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினியில் அப்படியே இருந்துவிட்டேன். பருப்பு அடிப்பிடித்துப் போயிற்று.

உன் மாமா பிறந்து வளர்ந்தது மலேசியாவில், கிளந்தானில். அங்கே தோலில் வெட்டிய பாவைகளைத் துணிக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டுவார்கள். இந்தப் பக்கம் இருக்கிற சனம் நிழலைப் பார்க்கும். ஆட்டுகிறவர் ஒரே ஆள். அவருக்கும் எல்லோரையும் போல இரண்டு கைதான். ஒன்றால் பாவையின் உடம்புக் கோலைப் பிடிக்க வேண்டும். மற்றதால் பாவையின் ஒரு கையை ஆட்ட வேண்டும். பாவையின் மற்றக் கையை ஆட்ட அவர் மூன்றாவது கைக்கு எங்கே போவார்? ஆகவே அந்தக் கையை உடம்போடு சேர்த்தே வெட்டி, பொட்டுப் பொட்டாகத் துளையிட்டு விடுவார்கள். பின்னால் விளக்கு எரிந்தால் அது ஒளிக்கோடாகத் தெரியும். எரியாவிட்டால் தெரியாது.

மாமா படம் கீறுவதும் அப்படித்தான். பகலெல்லாம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிவிட்டு வந்து, கைகழுவி, மல் துணியின் பின்பக்கத்தில் கறுப்பை அடர்த்தியாகப் பூசுவார். துளை வரவேண்டிய இடங்களில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு வெறுமையாக விடுவார். தம்பியின் பள்ளிக்கூடக் குழுப்படம் ஒன்று, முகம் மிளகளவு, அதுதான் என்னிடம் இருந்தது. அதைப் பூதக்கண்ணாடிக்குள் வைத்து மூக்கைக் கண்டுபிடித்தார். மிச்சத்துக்கு என்னை நிற்கவைத்தார். பதினொரு நாள். அதில் ஏழு நாள் அந்த இடது கைக்கு.

நீ எழுதியதை அவருக்குச் சொன்னேன். என்னிடம் கற்ற தமிழில்தான் அவருக்குக் கோபமும் வரும். “நானோ கை வெட்டினனான்? ஏழு நாள் நான் என்ன கீறினனான், கலா? கத்தரிக்காயோ?” என்றார். சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. தூரிகையை எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் வேறு. நாலு வருடத்துக்கு முன்னர் என் கூடப்பிறந்த அண்ணை, உன் அப்பா, மலாய்க்காரனைக் கட்டினவள் செத்துவிட்டாள் என்று எனக்காகத் தலைமுழுகினவர். ஈரத் தலையோடு நின்று என்னைப் பார்த்து, “இனி நீ ஆரோ, நான் ஆரோ” என்றவர். இன்றைக்கு அதே மலாய்க்காரன் கீறிய படத்துக்கு முன்னால் நின்று அழுகிறார். ஆர் கீறியது என்று ஒரு சனம் கேட்கவில்லை. கை எங்கே என்று மட்டும் கேட்டிருக்கிறது.

நீ ஒன்றும் சொல்லாதே. கை இல்லாமலாவது தம்பி இருக்கிறான் என்று நம்பி அவர் நாலு வாய் சாப்பிடுகிறார் என்றால் சாப்பிடட்டும். மாமா கீறியது என்று தெரிந்தால் படத்தைக் கிழிப்பார். முகம் தெரிகிற மாதிரித் தம்பியின் படம் வேறு எங்கேயும் இல்லை.

உன்னைத் தபால்காரி என்று நான் நினைக்கவில்லை. உன்னை விட்டால் அந்த வீட்டில் எனக்கு ஆரும் இல்லை. அதையும் நான் எழுதித்தான் சொல்லவேண்டுமா?

கலா மாமி

*

இல்ஃபோர்ட்
28 யூன் 2009, இரவு

அன்புள்ள மாமிக்கு,

நேற்றுச் சனிக்கிழமை தமிழ் வகுப்பு அதே மண்டபத்தில். இடைவேளையில் எல்லோரும் வெளியே ஓட, நான் துணியின் கீழ்க்கரையைப் பலகையிலிருந்து தூக்கி உள்ளே ரோர்ச் அடித்தேன். கை இருந்தது. நெஞ்சோடு மடித்த கை. ஐந்து விரல். பெருவிரல் நகம்கூட இருந்தது. மாமா அவ்வளவு பாடுபட்டதைப் பலகையில் குத்தி மறைத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டைக் கிழித்தவள் நான்தான். துணியை விட்டுவிட்டு வகுப்புக்குள் போய்ச் சொல்வதெழுதலில் பத்துக்கு மூன்று எடுத்தேன்.

இங்கே நடப்பது உங்களுக்குத் தெரியாது. அப்பா றேடியோவில் அறிவித்தல் கொடுத்தார். ஊர்ப் பேப்பரில் போட்டார். செஞ்சிலுவைச் சங்கப் பாரத்தில் ‘அடையாளம்’ என்ற இடத்தில் என்னைக் கொண்டுதான் ஆங்கிலத்தில் எழுதுவித்தார்: இடது கையை இழந்தவர். என் பேனையால், என் எழுத்தில். எழுத்துக் கோணலாக வந்தது. “வடிவா எழுது, அவங்கள் வாசிக்க வேணும்” என்றார்.

அதைவிட, வன்னியிலிருந்து வந்த அந்த அன்ரியைத் தேடுகிறார். “என்ன சாறி கட்டியிருந்தவ?” என்று கேட்டார். பச்சை என்றேன். பொய்க்கு நிறம் கேட்டால் வேறு என்ன சொல்வது? போன ஞாயிறு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் பச்சைச் சாறி கட்டிய மனிசி ஒருவரின் முன்னால் போய்க் கைகூப்பினார். “அக்கா, என்ர தம்பியை எங்க கண்டனீங்கள்?” அந்த மனிசி பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டா. அப்பா திரும்பி என்னைப் பார்த்து, “இவ இல்லையோ?” என்றார்.

மாமி, நான் எப்படி நின்றிருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள்.

சொல்லாதே என்று நீங்கள் சொன்னீர்கள். ஆனால் இது இப்போது புட்டுச் சாப்பிடுகிற விஷயம் இல்லை. பிழையான ஆளைத் தேடுகிறார். நீங்கள் சொல்லலாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் நான் சொல்லிவிடுவேன். எனக்குப் பயம்தான். இருந்தாலும் சொல்வேன்.

ஆரணி

*

ஸ்ட்ரெதம்
1 யூலை 2009

அன்புள்ள ஆரணிக்கு,

உன் கடிதத்தால் இந்த வீட்டில் சண்டை. மாமாவுக்கு நேற்றிலிருந்து வேறு கதை இல்லை. “போனை எடு. உன்ர அண்ணைக்குச் சொல்லு. எடுக்க ஏலாதெண்டா நான் எடுக்கிறன்” என்கிறார். நான் விடவில்லை.

நீ சின்னப் பிள்ளை. தலைமுழுகின ஈரம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. ஏப்ரலில் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் அத்தனை நாள் நின்றோம். உன் அப்பா அந்தக் கரையில், நான் இந்தக் கரையில். இரண்டு பேரும் ஒரே தம்பிக்காகத்தான் கத்தினோம். மாமா தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு போய் எல்லோருக்கும் ஊற்றினார். உன் அப்பாவும் கப்பை நீட்டினவர். ஆர் என்று நிமிர்ந்து பார்த்ததும், குடிக்காமல் நிலத்தில் ஊற்றினார். மழை பெய்துகொண்டிருந்தது. குளிரில் விறைத்து நின்றாரே தவிர, சூட்டுக்கு ஒரு வாய் குடிக்கவில்லை.

இந்த மனிதருக்கு நானாகப் போய், “அண்ணை, படம் என்ர மனிசன் கீறினது, கை இருக்கு, மன்னியுங்கோ” என்று சொல்லவேண்டுமா? எதற்கு மன்னிப்பு? ஒரு படத்தைக் கண்டால் ஆர் கீறியது என்று கேட்பது மனிசத்தனம். அவர் கேட்கட்டும். தேடிக்கொண்டு வரட்டும். கேட்டால் நான் கதவைத் திறப்பேன்.

ஒரு கையோ இரண்டு கையோ, பெயரும் ஊரும் அதேதான். ஆள் இருந்தால் அகப்படுவான். நீ பயப்படாமல் படி.

கலா மாமி

*

இல்ஃபோர்ட்
7 யூலை 2009, இரவு

மாமி,

அகப்பட்டுவிட்டார். நீங்கள் சொன்ன மாதிரியே பெயரும் ஊரும் சரி. அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி தொலைபேசி எடுத்தா. பேப்பர் அறிவித்தலைப் பார்த்து எடுத்ததாம். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். சந்திரகுமார், சங்கானை, வயது முப்பத்தி நாலு, அண்ணன் லண்டனில் என்று அந்தத் தாதி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அப்பா இலக்கத்தைப் பெற்றோல் ரசீதின் பின்பக்கத்தில் எழுதினார். அம்மா சுவாமிப் படத்தைப் பார்த்தா. பிறகு அப்பா கேட்டார்:

“கை எப்பிடித் தங்கச்சி? காயம் ஆறிட்டுதோ?”

“கையில ஒண்டும் இல்லை ஐயா. காலிலதான் காயம். கம்பி வைச்சிருக்கு.”

“இடது கை?”

“ரெண்டு கையும் நல்லா இருக்கு ஐயா.”

அப்பாவின் முகம் அப்படியே வற்றிப்போனது. “அப்ப அது அவன் இல்லைப் பிள்ளை. வேற ஆரோ சந்திரகுமார்” என்றார். ஆளோடு கதைத்துப் பாருங்கள் என்று தாதி கெஞ்சினா. “வேற ஒருத்தன்ர குரலைக் கேக்க என்னால ஏலாது” என்றார். வெள்ளிக்கிழமைக்குள் உறவுக்காரர் ஒருவர் பொறுப்பெடுக்காவிட்டால் அவரை முகாமுக்கு ஏற்றிவிடுவார்களாம். எந்த முகாம் என்று பிறகு தனக்குத் தெரியாதாம். அப்பா, “அந்தப் பிள்ளையின்ர சொந்தக்காரரைக் கண்டுபிடியுங்கோ, பாவம்” என்று சொல்லிப் போனை வைத்தார்.

நான் அங்கேதான் நின்றேன். கதவைப் பிடித்துக்கொண்டு. வாய் திறக்கவில்லை. ‘சொல்லாதே’ என்று நீங்கள் எழுதியது தலைக்குள் நின்றது என்று உங்கள் மேல் பழிபோடலாம். உண்மை என்னவென்றால் நான் பயந்துவிட்டேன்.

ஆனால் உங்களைக் கேட்கிறேன். அப்பா கேட்கட்டும் என்று நீங்கள் இருக்கிறீர்கள். அப்பா, நீங்கள் செத்துவிட்டீர்கள் என்று இருக்கிறார். இரண்டு பேருக்கும் ரோசம். காலில் கம்பியோடு ஒருவர் அங்கே படுத்திருக்கிறார். ஒரு கப் தேத்தண்ணியை நிலத்தில் ஊற்றியதற்காக அவர் முகாமுக்குப் போகவேண்டுமா? பெரியவர்கள் சண்டைபிடிப்பீர்கள், பாரத்தை நிரப்புவது மட்டும் நானா?

இனி உங்களிடம் அனுமதி கேட்கமாட்டேன்.

ஆரணி

*

ஸ்ட்ரெதம்
8 யூலை 2009

ஆரணி,

நீ எழுதியது அத்தனையும் சரி. திட்டினதும் சரி.

இன்று உன் அப்பாவுக்கு மூன்று தரம் தொலைபேசி எடுத்தேன். முதல் தரம் “அண்ணை” என்றதும் வைத்தார். இரண்டாம் தரம் “தம்பி” என்ற சொல் மட்டும் போயிருக்கும். மூன்றாம் தரம் எடுக்கவே இல்லை. மாமாவும் எடுத்துப் பார்த்தார், அதே கதைதான். ஆஸ்பத்திரி இலக்கம் என்னிடம் இல்லை. வெள்ளிக்கிழமை நாளை மறுதினம். தபாலை நம்பமுடியாது, மாமா இதைக் கையோடு கொண்டுவந்து டொலறஸிடம் கொடுக்கிறார். இலக்கத்தை எப்படியாவது எடுத்து டொலறஸிடம் கொடு.

உன் அப்பாவிடம் நீ சொல்லத்தான் வேண்டும். முதலில் என் கடிதங்கள் எல்லாவற்றையும் எரித்துவிடு. படம் உனக்கு மண்டபத்தில் ஆரோ தெரியாத ஆள் தந்தது, அந்த ஆள்தான் கையைப் பற்றிப் பிறகு சொன்னது என்று சொல். என் பெயர் வரவேண்டாம். என்னோடு எழுதிக்கொண்டிருந்தாய் என்று தெரிந்தால் உன் படிப்பில் கைவைப்பார். கோபம் என்னோடு நிற்கட்டும், உன்னில் விழவேண்டாம்.

எனக்குப் புத்தி பிந்தி வந்தது.

கலா மாமி

*

இல்ஃபோர்ட்
9 யூலை 2009, இரவு ஒன்பதரை

அன்புள்ள மாமிக்கு,

இலக்கத்தை டொலறஸ் அன்ரியிடம் கொடுத்துவிட்டேன், நாளைக் காலை உங்களுக்கு வரும். ஆனால் அதற்கு முதல் நாங்கள் இரண்டு பேருமே எடுத்துவிட்டோம். பள்ளிக்கூடக் குசினியில், பாத்திரம் கழுவுகிற மெஷினுக்குப் பக்கத்தில், ஊருக்குக் கதைக்க அன்ரி வாங்கி வைத்திருந்த போன் காட்டைப் போட்டு. நாலு தரம் அறுந்தது. ஐந்தாம் தரம் அந்தத் தாதி சித்தப்பாவின் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தா.

“ஆர்?” என்றார்.

“நான் ஆரணி. குலசேகரத்தின்ர மகள்.”

“முன்பல்லு விழுந்து திரிஞ்ச ஆரணியோ?”

என்ன கேட்பதென்று தெரியாமல், “சித்தப்பா, உங்களுக்கு ரெண்டு கையும் இருக்கோ?” என்று கேட்டேன். டொலறஸ் அன்ரி தலையில் அடித்துக்கொண்டா.

“இருக்கு பிள்ளை. ஏன், இருந்தா வேண்டாமோ?” என்றார். சிரித்த மாதிரித்தான் கேட்டது. பிறகு குரல் இறங்கியது. “அண்ணை என்னைத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டாராம். தாதிப் பிள்ளை சொல்ல மாட்டன் எண்டு நிண்டது, நான்தான் கேட்டு எடுத்தனான். நான் என்ன பிழை விட்டனான், ஆரணி? நான் ஏதும் பிழை விட்டிருந்தா மன்னிக்கச் சொல்லு.”

மாமி, சித்தப்பா மன்னிப்புக் கேட்கிறார். காலில் கம்பியோடு கிடக்கிற அவர், ஒரு பிழையும் செய்யாத அவர், எங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மெஷினை உடைத்திருப்பேன். காட் முடிந்து போன் நின்றுவிட்டது. அவருக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஆகவே நீங்கள் சொன்னபடி நான் செய்யவில்லை. இன்னொரு பொய் சொன்னால் அந்தப் பொய்க்கும் சாறி நிறம் கேட்பார்கள். உங்கள் கடிதங்களை நான் எரிக்கவில்லை. மூன்றையும் ஒழுங்காக மடித்து, மேலே என் எழுத்தில் ஒரு கடதாசி வைத்தேன். “அப்பா, பச்சைச் சாறி அன்ரி என்று ஒருவர் இல்லை. சொன்னது பொய். படம் கீறியது ஹம்டான் மாமா. சித்தப்பாவோடு நான் இன்று கதைத்தேன், அவருக்கு இரண்டு கையும் இருக்கிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை” என்று எழுதினேன். அப்பா வேலைக்குப் போகச் சப்பாத்துப் போடுகிற இடத்தில் வைத்துவிட்டு மேலே ஓடிவந்துவிட்டேன். அவருக்கு நேரே நின்று கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் கோபித்தால் கோபியுங்கள்.

இருபது நிமிடமாகிறது. கதவிடுக்கால் பார்த்தேன். அப்பா கடைசிப் படியில் இருக்கிறார். ஒரு காலில் சப்பாத்து. மற்றது பக்கத்தில் கிடக்கிறது. உங்கள் முதலாவது கடிதத்தை இரண்டாம் தரம் வாசிக்கிறார். அம்மா வந்து, “வேலைக்கு நேரம் போகுதெல்லோ” என்றா. அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அம்மா ஒரு கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் படியில் இருந்துவிட்டா.

ஷெட்டிலிருந்து போன் அடித்தது. எடுக்கவில்லை.

இப்போது எழும்பிவிட்டார். படியேறி வருகிறார். ஒரு அடி சப்பாத்து, ஒரு அடி வெறுங்கால். அவசரமாக எழுதுகிறேன் மாமி, எழுத்துத் தெரியாவிட்டால் அதுதான் காரணம். ஆஸ்பத்திரி இலக்கம் இந்தக் கடதாசியின் பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறேன், எனக்கு என்ன நடந்தாலும் நீங்கள் இது கிடைத்த உடனே எடுங்கள். சித்தப்பாவிடம் சொல்லுங்கள், பிழை அவருடையது இல்லை என்று. முதல் வார்த்தையாக அதைத்தான்

கதவுக்கு வெளியே நிற்கிறார். மூச்சுக் கேட்கிறது. அப்பா இந்த அறைக்குள் வருவதென்றால் கைபிடியைத் திருப்பிக்கொண்டு நேரே வருவார், ஒருநாளும் தட்டினதில்லை. இப்போது தட்டுகி